வாசலுக்குப் போட்ட மாலை

பெங்களூரில் பருத்தி வளரும் என்று நான் நினைத்ததில்லை. வளர்ந்தது. எலஹங்காவைத் தாண்டி ஒரு விதைக் கம்பெனிக்கு நிலம் இருந்தது. அதில் ஒரு நெட் ஹவுஸ். மேலே பிளாஸ்டிக் கூரை. நாலு பக்கமும் கொசுவலையைவிட நெருக்கமான வலை. உள்ளே மேசைகள். மேசைகளின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் பருத்திக் கன்றுகள்.

அந்தக் கன்றுகளில் பூச்சி இருக்கிறதா என்று தினமும் பார்ப்பது என் வேலை. தண்ணீர் விடுவது வேறு ஆள். மருந்து அடிப்பது வேறு ஆள். நான் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்தாவது வரை படித்தவள் நான். வீடு ஆஸ்டின் டவுனில். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அவர் காலையில் குளிப்பார், இஸ்திரி போட்ட சட்டை போடுவார், நாற்காலியில் உட்காருவார். எங்கேயும் போக மாட்டார். மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி என்னோடு சேர்ந்துகொள்வாள். காக்ஸ் டவுன்காரி. என்னைவிடச் சின்னவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் பேச்சு. அவளுக்கும் பூச்சி பார்க்கும் வேலைதான். அவள் இருந்ததால் எனக்குப் பேச வேண்டிய அவசியம் வரவில்லை.

எங்களுக்கு மேலே ஒரு ஆபீசர். கன்னடக்காரர், உயரமான ஆள், தமிழ் பேசுவார். அந்த வருஷத்துக் கன்றுகள் முளைத்ததும் எங்களைக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

"நோடிம்மா, நல்லா பாருங்க. இதோட தாய் காட்டுப் பருத்தி. விதை கையளவுதான் வந்துச்சு. எல்லாத்தையும் போட்டுட்டோம். மிச்சம் கெடயாது. இது காய்ச்சா விதை. இது போனா ஒண்ணும் இல்ல."

"போனா என்ன சார் ஆவும்?" என்றாள் காக்ஸ் டவுன்காரி.

"நெட் ஹவுஸ மூடிடுவாங்க. மேல இருந்து சொல்லிட்டாங்க."

"அப்ப நாங்க?"

அவர் கன்றின் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

வேலை இப்படி. இடது கையில் வெள்ளை அட்டை. அதை இலைக்குக் கீழே பிடித்து, வலது கை விரலால் இலையைத் தட்ட வேண்டும். அட்டையில் தூசி விழும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். தூசி நகர்ந்தால் அது தூசி இல்லை. கழுத்தில் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கும். அதை வைத்துப் பார்த்தால் இலைப்பேனா, அசுவினிக் குஞ்சா, வேறு ஏதாவதா என்று தெரியும். பறக்கிற பூச்சிக்கு மஞ்சள் அட்டை. பசை தடவி மேசைக்கு மேலே தொங்கவிட்டிருப்போம். வெள்ளை ஈ வந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பயப்பட வேண்டியது நுசி ஒன்றுதான் என்பார் ஆபீசர். செஞ்சிலந்தியைக் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள். நாங்களும் நுசி என்றே சொன்னோம். கண்ணுக்குச் செங்கல் தூள் மாதிரி இருக்கும். இலைக்கு அடியில் உட்கார்ந்து உறிஞ்சும். மேலே ஊசியால் குத்தினது மாதிரி வெளிறிய புள்ளி விழும். பிறகு நூல் கட்டும். பிறகு இலை கொட்டும். பெரிய செடி தாங்கும், கன்று தாங்காது. அதற்கு இறக்கை கிடையாது. நம் மேல் ஏறித்தான் வரும்.

அதனால் சட்டதிட்டங்கள் நிறைய. வாசலுக்கு இரண்டு கதவு. நடுவில் இரண்டு மூன்று பேர் நிற்கிற அளவு இடம், தரையில் பினாயில் தண்ணீர்த் தொட்டி. காலை நனைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். வெளியே வேறு எந்தச் செடியையும் தொட்டுவிட்டு வரக்கூடாது. தலையில் பூ கூடாது. பூவில் பேன் இருக்கும், நுசி இருக்கும். பூவை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். சாயங்காலம் எடுத்து வைத்துக்கொள்வோம்.

"இந்த ஆணிக்குத்தாங்கா தெனம் கல்யாணம்" என்பாள் காக்ஸ் டவுன்காரி. "நமக்கு வாடினதுதான்."

இன்னொரு சட்டம். உள்ளே போனதும் நேராகக் கடைசி மேசைக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து பார்த்துக்கொண்டே வாசலுக்கு வர வேண்டும். வாசல் பக்கத்தில்தான் வெளி அழுக்கு வந்து சேரும். அதை மிதித்துவிட்டு உள்ளே போகக்கூடாது என்பதற்காக. கோடையிலும் மழையிலும் அப்படித்தான் செய்தோம். நெட் ஹவுஸ் சுத்தமாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது.

பெங்களூரில் ஆயுத பூஜைக்குப் பூ போடாத பொருள் கிடையாது. பஸ்ஸுக்குப் போடுவார்கள், ஆட்டோவுக்குப் போடுவார்கள், தராசுக்கு, கத்திரிக்கோலுக்கு, டைப்ரைட்டருக்கு. நாங்கள் மருந்தடிக்கும் பம்ப்பைக் கழுவி வைத்தோம். மண்வெட்டி, பூவாளி, லென்ஸ் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தோம். வாட்ச்மேன் அந்த ஊர்க்காரர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் சேவந்தி போட்டிருந்தார். விடிவதற்குள் பறித்து, அவரே கட்டி, சைக்கிளில் ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தார். மஞ்சள் சாமந்தி. கையில் எடுத்தால் ஈரமாக இருந்தது.

"எவ்ளோண்ணா ஆச்சு?" என்று கேட்டேன்.

"நம்ம தோட்டத்துப் பூம்மா. சாமிக்குப் போடறதுக்குக் காசா?"

வெளிக் கதவுக்கு வாழைக்கன்று கட்டினார். உள்கதவுக்குத் தோரணமாகச் சேவந்தி மாலை. "சாமி உள்ளதானே இருக்கு" என்று ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினார். நடுவில் மாலை தொங்கியது. பூசணிக்காய் உடைத்தோம். பொரி, கடலை கொடுத்தார்கள். ஆபீசர் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். உயரமான ஆள் என்பதால் மாலை அவர் கழுத்தில் பட்டது. கையால் அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காக்ஸ் டவுன்காரியும் தலையைக் குனிந்து போனாள். "எந்தச் சாமியா இருந்தா என்ன, வேல இருந்தா சரி" என்றாள்.

அன்றும் எங்கள் பூ வெளியே ஆணியில்தான் இருந்தது. ஒருவர்கூட யோசிக்கவில்லை. தலையில் வைப்பது பூ. வாசலில் தொங்குவது பூஜை. எங்களுக்கு அது வேறு, இது வேறு.

பூஜை மாலையை அவிழ்க்கிற வழக்கமில்லை. அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். லாரிகளில் பார்த்தால் தெரியும், தீபாவளி வரைக்கும் சருகு தொங்கும். எங்கள் மாலையும் தொங்கியது. தினமும் அதற்குக் கீழே போனோம், வந்தோம். சில நாள் தலையில் படும். சில நாள் இதழ் தோளில் விழும். பட்டால் நல்லது என்றுதான் இருந்தது.

அந்த வருஷம் மழை சீக்கிரம் விட்டுவிட்டது. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வெயில் கொதித்தது.

கடைசி மேசையில்தான் முதலில் பார்த்தேன். ஒரு இலையில் நரம்புக்குப் பக்கத்தில் வெளிறிய புள்ளிகள். அட்டையைப் பிடித்துத் தட்டினேன். தூசி விழுந்தது. பொறுத்தேன். ஒன்று நகர்ந்தது. நகர்ந்து நின்றது. மறுபடியும் நகர்ந்தது.

"சார்" என்று கூப்பிட்டேன்.

அவர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"பின்னாடி எங்கியோ வலை கிழிஞ்சிருக்கு" என்றார்.

அன்று முழுக்க வலையைத் தேடினோம். ஒவ்வொரு முழமாக விரலால் தடவிப் பார்த்தோம். கிழிசல் இல்லை. ஒரு தையல் லேசாக விட்டிருந்தது. அதுதான் என்று தைத்தோம். வெளியே பின்பக்கத்துப் புல்லையெல்லாம் வாட்ச்மேன் வெட்டி எரித்தார். வாசலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாசல் பக்கத்து மேசைகள் சுத்தமாக இருந்தன. வாசல் வழியாக வந்திருந்தால் வாசல் பக்கம்தானே முதலில் தெரிய வேண்டும்.

மஞ்சள் அட்டையில் ஒன்றுமே ஒட்டவில்லை. "அட்ட சுத்தமா இருக்குங்கா, பயப்படாத" என்றாள் காக்ஸ் டவுன்காரி. பறக்காதது அட்டைக்கு ஏன் வரப் போகிறது? அவளுக்கும் தெரியும். சொல்வதற்கு ஏதாவது வேண்டும், சொன்னாள்.

மருந்து அடித்தார்கள். செத்தது. முட்டை சாகவில்லை. அடுத்த வாரம் கடைசி மேசைக்கு முன்மேசையில் புள்ளி. அதற்கடுத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கடைசி மேசைக் கன்றுகளில் நூல் கட்ட ஆரம்பித்தது. காலை வெயிலில் மட்டும் அந்த நூல் தெரியும். இலை நுனியில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்க் கூடியிருக்கும். அங்கிருந்து நூலில் தொங்கும். கதவைத் திறந்தால் காற்றில் ஆடும்.

நாங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். காக்ஸ் டவுன்காரிகூட. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு நாள் சொன்னாள், "ராத்திரி சோத்துல கூட புள்ளி நகர்ற மாதிரியே இருக்குங்கா." எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது தடவை மருந்து அடித்ததில் இலை ஓரம் கருகியது. ஆபீசர் சவரம் செய்யாமல் வர ஆரம்பித்தார். யாரோ செருப்போடு போயிருக்கிறீர்கள் என்றார். யாரோ பூ வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள் என்றார். காக்ஸ் டவுன்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. ஆணியைக் காட்டினாள்.

"வந்து பாருங்க சார். என் பூ அதோ தொங்குது. வேணும்னா என் தலையையும் கழட்டி மாட்டிட்டுப் போறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

தீபாவளி முடிந்து முதல் நாள். தொட்டியில் காலை நனைத்துவிட்டு உள்கதவுக்குப் போனோம். முன்னால் காக்ஸ் டவுன்காரி, பின்னால் நான், எனக்குப் பின்னால் ஆபீசர். என் கையில் அட்டை மல்லாக்க இருந்தது. அவள் தலை மாலையில் பட்டு ஒரு காய்ந்த சேவந்தி உதிர்ந்து என் அட்டையில் விழுந்தது. தட்டிவிடப் போனேன். பூவைச் சுற்றி அட்டையில் செங்கல் தூள்.

பொறுத்தேன். நகர்ந்தது. ஒன்று இரண்டு இல்லை. பூ காய்ந்துவிட்டது. அதில் இனி சாறு இல்லை. எல்லாம் இறங்கி அட்டையின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

அட்டையை அப்படியே அவர் பக்கம் நீட்டினேன். அவர் பார்த்தார். நிமிர்ந்து மாலையைப் பார்த்தார். பிறகு கடைசி மேசையைப் பார்த்தார். தலையில் ஏற்றிக்கொண்டு நேராக அங்கேதானே போனோம், ஒவ்வொரு நாளும். சட்டப்படி.

மூன்று பேரும் அந்தச் சின்ன இடத்தில் நின்றோம். மாலை எங்கள் தலைக்கு மேல் இருந்தது. யாருக்கும் அதை அவிழ்க்கக் கை வரவில்லை. கடைசியில் ஆபீசர்தான் அவிழ்த்தார். அவிழ்த்ததும் பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். பாதியில் நிறுத்திப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்.

வாட்ச்மேனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பை எரிவதை வாட்ச்மேன் பார்த்தார். எதற்கு என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. மறுநாள் வரும்போது கையெல்லாம் காயமாக இருந்தது. வீட்டுச் சேவந்தி முழுக்கப் பிடுங்கிவிட்டாராம்.

"நீங்க என்ன பண்ணுவீங்கண்ணா" என்றேன்.

"நான் கட்டினதும்மா" என்றார்.

அதற்குள் வாசல் பக்கத்து மேசைகளிலும் புள்ளி வந்துவிட்டது. நடுவில் ஒரு மேசை மட்டும் மிச்சம். அதன் கன்றுகளைத் தட்டினால் அட்டையில் வெறும் தூசிதான். வாசல் வழியாக அவற்றைக் கொண்டுவர ஆபீசர் விடவில்லை. பக்கத்து வலையைக் கத்தியால் கிழித்தார். இத்தனை வருஷம் ஊசி போகிற ஓட்டையைக்கூடத் தைத்த வலை. கிழிக்கிற சத்தம் துணி கிழிகிற மாதிரி இருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கன்றுகளை ஒவ்வொன்றாக வாங்கி, காலியாக இருந்த ஒரு ஷெட்டில், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தோம்.

மீதி எல்லாவற்றையும் அன்றைக்கே பிடுங்கி எரித்தோம். பச்சைக் கன்று சட்டென்று எரியவில்லை. புகைந்துகொண்டே இருந்தது.

மேலிடத்துக்கு ஆபீசர் போன் பண்ணினார். வந்து எங்களிடம் சொன்னார்.

"திங்கட்கிழமை வராங்க. ஷெட்டுல இருக்கறது சுத்தமா இருந்தா ஹைதராபாத் பக்கம் இருக்கற நெட் ஹவுஸுக்கு பாதி எடுத்துட்டுப் போவாங்க. பாதி இங்க. நெட் ஹவுஸ ரிப்பேர் பண்ணலாம். நீங்களும் இருக்கலாம்."

"ஒண்ணு ரெண்டு இருந்தா?" என்றாள் காக்ஸ் டவுன்காரி.

"ஒண்ணு இருந்தாலும் அஷ்டே, அவ்ளோதான். எல்லாத்தையும் எரிச்சுட வேண்டியதுதான். இன்னொரு மருந்த அது தாங்காது."

ஷெட்டுக்குள் நான் மட்டும் போக வேண்டும் என்று வைத்தார்கள். அங்கேயே குளிப்பேன். ஷெட்டுக்கென்று ஒரு புடவை வைத்திருந்தேன். வெந்நீரில் துவைத்துக் காய வைத்தது. தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொள்வேன். காக்ஸ் டவுன்காரி ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். நான் தட்டுவேன். பொறுப்பேன். ஜன்னலைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவள் சிலுவை போட்டுக்கொள்வாள்.

கன்றுகள் நன்றாக இருந்தன. புது இலை விட்டிருந்தன. ஒன்றில் மொட்டுக்கூட வைத்தது. மிளகு அளவு. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் மொட்டு வந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் "அப்ப இருக்கும்" என்றார். வேலையைத்தான் சொன்னார்.

சனிக்கிழமை. மொட்டு வைத்த கன்றைக் கடைசியாகத் தட்டினேன். தூசி விழுந்தது. பொறுத்தேன். ஒன்றுமில்லை. அட்டையைத் துடைக்கப் போனேன். ஒரு புள்ளி நகர்ந்தது.

லென்ஸை வைத்தேன். சிவப்பு. எட்டுக் கால். மொட்டுக்குக் கீழ் இலையைத் திருப்பினேன். அடியில் வட்ட வட்டமாக, கண்ணாடித் தூள் மாதிரி முட்டை.

ஜன்னலைப் பார்த்தேன். தலையை ஆட்டவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தினிக்கா?"

"இருக்கு."

"புள்ளி வுழுந்துடுச்சா?"

"இன்னும் வெளிய தெரியல."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா. அந்த எலையக் கிள்ளிப் போட்டுடு. திங்கக்கெழம அவங்க பாத்துட்டுப் போவட்டும். அப்பறம் சொல்லிக்கலாம். வந்தவங்களுக்கு என்ன தெரியப் போவுது? அக்கா, எனக்கு வாடக இருக்கு. உனக்குப் பொண்ணு இருக்கு."

இலையைக் கிள்ளிவிடலாம். என் கையில்தான் இருந்தது. தூரத்தில் ஆபீசர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கே நடப்பது தெரியாது.

பாதியை ஹைதராபாத் பக்கம் கொண்டுபோவார்கள் என்றதை நினைத்தேன். அங்கேயும் ஒரு நெட் ஹவுஸ். கன்றுகள் இருக்கும். எங்களை மாதிரி பெண்கள் வெள்ளை அட்டை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்கிருந்து வந்தது என்று வலையைத் தடவித் தேடுவார்கள்.

"சொல்லிடறேன்" என்றேன்.

"நீ சொல்லுவன்னு தெரியும்" என்றாள். "சொல்லித் தொல." ஜன்னலை விட்டுப் போய்விட்டாள்.

வெளியே வந்து ஆபீசரைக் கூப்பிட்டேன். "இருக்கு சார்." அவர் துணியைக் கீழே போட்டார். உள்ளே வந்து லென்ஸை வாங்கிப் பார்த்தார். லென்ஸைத் திரும்ப என் கழுத்தில் மாட்டிவிட்டார். யாருக்கும் அப்படி அவர் செய்ததில்லை.

அன்று சாயங்காலமே எரித்தோம். வாட்ச்மேன்தான் நெருப்பு வைத்தார். மொட்டுக் கன்றைக் காக்ஸ் டவுன்காரி போட்டாள். திங்கட்கிழமை வந்தவர்கள் சாம்பலைப் பார்த்துவிட்டு, கிழிந்த வலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பொங்கலுக்கு முன்னால் கேட்டைப் பூட்டினார்கள். ஆபீசரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.

கடைசி நாள் வெளியே ஆணியில் இரண்டு முழம் மல்லிகை தொங்கியது. காக்ஸ் டவுன்காரி அதை எடுத்து, ஒரு முழத்தைப் பிய்த்து என் தலையில் வைத்தாள். சனிக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அன்றும் பேசவில்லை. சிவாஜிநகர் வந்ததும் அவள் பஸ்ஸுக்குப் போனாள், நான் என் பஸ்ஸுக்கு வந்தேன்.

கொஞ்ச நாளில் எனக்கு ஒரு கார்மென்ட்ஸில் வேலை கிடைத்தது. நூல் வெட்டுகிற வேலை. ஆயுத பூஜைக்கு அங்கேயும் எல்லா மெஷினுக்கும் பூ போடுவார்கள். வாசலுக்குச் சேவந்தி மாலை கட்டுவார்கள். நான் நன்றாகக் குனிந்து, தலையில் படாமல் போவேன். வரும்போதும் அப்படித்தான். அங்கே ஒரு செடிகூடக் கிடையாது. இருந்தும் குனிவேன்.